இரண்டாவது கடி

மேல்மாடியில் குடியிருப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். தையல்கடை வைத்திருப்பார், இல்லாவிட்டால் ஏதாவது ஓட்டலில் சமையல் பார்ப்பார் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். ஒருநாள் காலை நான் படியேறும்போது மேலேயிருந்து ஒரு கறுப்பு நாய் இறங்கி வந்தது. கன்றுக்குட்டி அளவு இருக்கும். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பின்னால் வந்தவர் தணிந்த குரலில் "இரு" என்றார். என்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"ரெண்டு பேருமே நல்லா சொல்பேச்சு கேக்கறீங்க," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் நாயோடு இறங்கிப் போனார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மனைவி இறந்து ஆறு வருஷமாகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. ஊருக்கு வெளியே வரிசையாக நிற்கும் கிடங்குகளுக்குப் பின்னால், நான்கு சுவருக்குள் ஒரு வெற்றுத் தரை. அங்கே இருபத்தேழு வருஷமாகக் காவல் நாய்களைப் பழக்கிவந்தார். அந்தத் தரையில் ஒரு செடி கிடையாது, ஒரு நாற்காலி கிடையாது. நாய்க்கு இரண்டே விஷயம் தெரிந்தால் போதும் என்பார்: நான் எங்கே நிற்கிறேன், நான் என்ன சொன்னேன். மூன்றாவதாக ஒன்று கண்ணில் பட்டால் பாடம் கெட்டது. அடிக்கமாட்டார். இடுப்புப் பையில் உலர்ந்த ஈரல் துண்டுகள் இருக்கும். ஒரு சொல்லை ஒரு தடவைதான் சொல்வார். இரண்டாம் தடவை சொன்னால் அது உத்தரவு இல்லை, கெஞ்சல்.

காவல் நாய்க்குக் கடைசியாக ஒரு பாடம் உண்டு. அதைக் கூட்டிப்போகிற ஆளை எவனாவது தாக்கினால் அது பாயவேண்டும். தாக்குகிறான் என்று நாய்க்கு எப்படித் தெரியும்? ஆள் வலியில் கத்துவார். அந்தக் கத்தல்தான் உத்தரவு. இதற்காக மாஸ்டர் ஒவ்வொரு நாயிடமும் நூற்றுக்கணக்கான தடவை பொய்யாகக் கத்தியிருக்கிறார். கைக்குத் தடித்த உறை மாட்டிய ஆள் ஒருவன் அவர் தோளைப் பிடிப்பான், இவர் அலறுவார், நாய் பாய்ந்து உறையைக் கவ்வும். தன்னளவுக்குப் பொய்யாக அழுதவன் சினிமாவில்கூட இருக்கமாட்டான் என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு நின்றதற்குக் காரணம் ஏட்டு. படிக்கட்டில் நான் பார்த்த கறுப்பு நாயின் பெயர் அது. ராத்திரி ரோந்து போகிற மிடுக்குக்காகக் கிடங்கில் வைத்த பெயர். எட்டு வயதாகி, வேலையிலிருந்து ஓய்வு கொடுக்கப் போகிற சமயத்தில், சுமை ஏற்றும் ஆள் ஒருவர் விளையாட்டாகப் பின்னாலிருந்து வந்து மாஸ்டரின் தோளை அழுத்திப் பிடித்தார். ஏற்கெனவே சுளுக்கிய தோள். மாஸ்டர் நிஜமாகக் கத்திவிட்டார். அந்த ஆளின் முன்கையில் பதினோரு தையல்.

நாய் தன் வேலையைத்தான் செய்தது, தப்பு தன் வாயில்தான் என்று மாஸ்டர் எல்லோரிடமும் சொல்லிப்பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நகராட்சியின் பிராணிகள் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருக்கு இந்த ஊர் மொழி பேச ஓரளவு வரும், படிக்க வராது. எனக்குத் தமிழோடு அந்த மொழியும் வரும் என்பதால் கீழே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் படித்துச் சொன்னேன். நாயின் பெயர் கடிநாய்ப் பதிவேட்டில் ஏறிவிட்டது. அவர் பொறுப்பில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார். இதற்கிடையில் மனிதரையோ வேறு பிராணியையோ அது இன்னொரு தடவை கடித்ததாகத் தெரிந்தால், அன்றே எடுத்துக்கொண்டு போய் ஊசி போட்டுவிடுவார்கள்.

"தூங்குற ஊசியா?" என்று கேட்டார். அது சாகடிக்கிற ஊசி என்று சொல்லாமல் கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

இந்த நிலையில்தான் அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். வேறொரு நகரத்தில் மாணவர் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று எல்லோரையும் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள். ஒரு துணிப்பை, ஒரு மூடிபோட்ட கூடை. கூடைக்குள் ஒன்பது வயதுச் சாம்பல் பூனை. அதன் பெயர் சம்பந்தி. எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால் வைத்தாராம்.

மாஸ்டர் கூடையைப் பார்த்தார். பிறகு உள்ளறையின் மூடிய கதவைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஏட்டு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பூனையை வேறு எங்காவது விடமுடியுமா என்று அவர் கேட்கவில்லை, அக்காவே முந்திக்கொண்டார்.

"என்னைய விடுற இடத்துல அதையும் விடுடா. பிரிச்சு மட்டும் விடாத."

அதிகாரி வர அப்போது ஐந்து வாரம் இருந்தது.

மாஸ்டர் முறைப்படி தொடங்கினார். பூனை படுத்த துணியை நாயிடமும் நாய் படுத்த துணியைப் பூனையிடமும் போட்டார். பிறகு இரண்டு அறைக்கும் நடுவில் கம்பிவலை அடித்து, ஏட்டுக்கு வாய்ப்பூட்டு மாட்டி, ஒன்றையொன்று பார்க்கவிட்டார். ஏட்டு "இரு" என்ற இடத்தில் இருந்தது. எச்சில் ஒழுகும், தோல் நடுங்கும், ஆனால் இருக்கும். மாஸ்டரின் கண்ணைப் பார்க்கும், ஈரல் கிடைக்கும், மறுபடி பார்க்கும். இரண்டு வாரத்தில் நடுக்கம் குறைந்தது.

பூனையைத்தான் அவரால் ஒன்றும் செய்யமுடியவில்லை. "வா" என்றார். அது அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. அவர் காத்திருந்தார். முக்கால் மணி நேரம், தரையில் சம்மணம் போட்டு, உள்ளங்கையில் ஈரலோடு. அது எழுந்து, சோம்பல் முறித்து, வந்து ஈரலைத் தின்றுவிட்டு, அலமாரி உச்சிக்கு ஏறிப் படுத்துக்கொண்டது. காது மந்தமோ என்று அவர் சந்தேகப்பட்டார்.

"அதெல்லாம் நல்லா கேக்கும்," என்றார் அக்கா. "கேட்டுட்டுத்தான் வரல."

அக்காவின் கட்சி வேறு. பூனையைப் பழக்காதே, நாயை மட்டும் கட்டுக்குள் வைத்துக்கொள், பூனை தானாக ஒருநாள் இறங்கிவரும் என்றார். ஒருநாள் என்றால் எந்த நாள்? அதை அவரால் சொல்லமுடியவில்லை. மாஸ்டருக்கோ தேதி குறித்தாகிவிட்டது. அதிகாரி வரும்போது இரண்டும் ஒரே அறையில் அமைதியாக இருந்து காட்டவேண்டும் என்பது அவருக்குள் ஒரு வெறியாகவே பிடித்துக்கொண்டது. அவர் சாப்பாடு குறைந்தது. நான் மாடிக்குப் போனால் பேசிக்கொண்டிருக்கும்போதே காதை உள்ளறைப் பக்கம் வைத்திருப்பார்.

அதிகாரி வருவதற்கு ஐந்து நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை பகல், நிரப்பவேண்டிய படிவத்தோடு நான் மேலே போனேன். வீட்டில் வேறு பிராணி உண்டா, நாயோடு ஒத்துப்போகிறதா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. தனி அறையில் இருக்கிறது என்று எழுதிவிடலாம் என்றேன். மாஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை. இன்று பார்த்துவிட்டு எழுதலாம் என்றார். அக்கா கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். தான் வருகிறவரை எதையும் ஆரம்பிக்காதே என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனாராம். அக்கா இருந்தால் வாய் ஓயாமல் பேசுவார், பூனையின் கவனம் சிதறும் என்பது மாஸ்டரின் கணக்கு.

கூடத்தைப் பார்த்து எனக்கே திகைப்பாக இருந்தது. அலமாரி இல்லை, நாற்காலிகள் இல்லை, சுவரில் இருந்த பலகையைக்கூடக் கழற்றி எல்லாவற்றையும் உள்ளறையில் போட்டு மூடியிருந்தார். ஜன்னல் சாத்தியிருந்தது. நான்கு சுவரும் ஒரு வெற்றுத் தரையும். கிடங்குக்குப் பின்னால் இருக்கும் அவருடைய பயிற்சித் தரையை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

ஏட்டு ஒரு மூலையில் இருந்தது. வாய்ப்பூட்டு அதன் வாயில் இல்லை. மாஸ்டரின் இடுப்பில் தொங்கியது.

வாசல் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நிற்கச் சொன்னார். கூடையைத் திறந்தார். சம்பந்தி வெளியே வந்தது. முதலில் மேலே பார்த்தது. சுவர் நெடுகப் பார்வையை ஓட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தது. பிறகு எதிர்மூலைக்குப் போய் ஒருக்களித்துப் படுத்தது. வால் நுனி மட்டும் தரையில் இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா தம்பி, வாலை ஆட்டுது," என்று மாஸ்டர் கிசுகிசுத்தார். "வயித்தைக் காட்டிப் படுத்துடுச்சு. அடங்கிடுச்சு."

இருபத்தேழு வருஷம் நாய்களையே பார்த்த கண்கள் அவை. நாய் வயிற்றைக் காட்டினால் சண்டை வேண்டாம் என்று அர்த்தம். பூனை அப்படிப் படுத்தால் நான்கு காலையும் சண்டைக்குத் தயாராக வைத்துக்கொள்கிறது என்று அர்த்தமாம். இது எனக்கும் பிற்பாடுதான் தெரியும். அப்போது அவர் சொன்னதை நானும் நம்பினேன். அவர் ஈரல் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து கையை நீட்டினார்.

பூனை அந்தக் கையை நான்கு காலாலும் கட்டிப்பிடித்தது. கட்டைவிரலுக்குக் கீழே சதையில் பல்லை இறக்கியது.

மாஸ்டரின் வாய் திறந்ததைப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. அவர் கண் நாயிடம் போயிருந்தது. ஏட்டு இடம் மாறவில்லை. ஆனால் அதன் காது இரண்டும் நட்டுக்கொண்டு நின்றன, பின்னங்கால்கள் மெல்ல உடம்புக்கடியில் சேர்ந்துகொண்டிருந்தன. அது பூனையைப் பார்க்கவில்லை. அவருடைய வாயைப் பார்த்தது.

அவர் வாயை மூடினார். எனக்குப் புரிந்தது. ஒரு முனகல் போதும். பூனை செத்துவிடும், அதற்கப்புறம் நாயும்.

என் தொண்டையிலிருந்து ஏதோ கிளம்பியது. கையிலிருந்த படிவத்தை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டேன்.

"கதவைத் தொறக்காதீங்க," என்றார் மாஸ்டர். டீ வேண்டுமா என்று கேட்கிற குரல். அந்தக் குரலை அந்த நேரத்தில் எங்கிருந்து எடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. "தொறந்தா இது ஓடும். ஓடுற எதையும் இவன் விடமாட்டான்."

கையை இழுத்தால் பல் இன்னும் இறங்கியது. அதனால் இழுக்காமல் குனிந்தபடியே நின்றார். முகம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. ரத்தம் மணிக்கட்டு வழியாக இறங்கித் தரையில் சொட்டியது. ஏட்டுவின் மூக்கு விடைத்தது. "இரு" என்றார் மாஸ்டர், அதே குரலில். அது இருந்தது. பூனையின் அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் வந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தையும் அவர் கழற்றி உள்ளே வைத்திருந்தார்.

படிக்கட்டில் அக்காவின் குரல் கேட்டது. கண் டாக்டரைத் திட்டிக்கொண்டே ஏறி வந்தார். சாவி திரும்பியது.

"அக்கா. மெதுவா," என்றார் மாஸ்டர்.

கதவு ஒரு சாண் திறந்தது. அக்கா உள்ளே பார்த்தார். விடாமல் பேசுகிற அந்த மனுஷி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கவாட்டில் நுழைந்து கதவைச் சாத்தினார். தம்பியைப் பார்க்கவில்லை, நாயைப் பார்க்கவில்லை, சுவர்களைத்தான் பார்த்தார். பிறகு ஓரமாகவே நடந்து உள்ளறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, மடக்கு ஏணியை எடுத்துவந்தார். பூனைக்குப் பக்கத்தில் அதைச் சத்தமில்லாமல் விரித்து நிறுத்தி, தன் சால்வையை மேல்படியில் போட்டார். அப்புறம் பூனைக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஜன்னல் பக்கம் பார்த்தார். கொட்டாவி விட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், கொட்டாவி விட்டார்.

உறுமல் தேய்ந்தது. பின்னங்கால்கள் தளர்ந்தன. பூனை பல்லை எடுத்தது; ஏணியின் உச்சியில் சால்வைமேல் இருந்தது. நடுவில் அது ஏறியதை நான் பார்க்கவேயில்லை.

மாஸ்டர் கடிபட்ட கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏட்டுவிடம் நடந்துபோய் ஒற்றைக் கையால் வாய்ப்பூட்டை மாட்டினார். அதன் தலையைத் தடவினார். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் குழாயைத் திறந்துவிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துக் கத்தினார். எனக்கு அது கேட்டது. நாய்க்குக் கேட்டிருக்காது என்று நம்புகிறேன்.

அவர் வெளியே வந்தபோது அக்கா மருந்துப் பெட்டியோடு நின்றார்.

"பயந்தா உன் நாய் உன்கிட்ட வரும். பூனை மேல போகும். எல்லாத்தையும் கழட்டி உள்ள போட்டுட்டியே, அது எங்கடா போகும்? உன் கைக்குள்ளதான் போகும்."

மாஸ்டர் கடிபட்ட கையை அவரிடம் நீட்டினார்.

மறுநாள் காலை கை கையுறை மாதிரி வீங்கியிருந்தது. பூனைப்பல் ஊசி போல. மேலே சின்னத் துளை, விஷமெல்லாம் ஆழத்தில். மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். கூடப் போனது நான்தான். அனுப்பும்போது கொடுத்த சீட்டை வாங்கிப் பையில் வைத்தேன். வீட்டுக்கு வந்துதான் படித்துப்பார்த்தேன். 'பிராணிக் கடி' என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தப் பிராணி என்று இல்லை. திரும்ப ஓடினேன், அந்த டாக்டர் விடுப்பில் போய்விட்டார், வேறு யாரும் திருத்தித் தரமாட்டோம் என்றார்கள். அன்று சாயங்காலம் அக்கா பூனையோடு கிளம்புவதாகச் சொல்லித் துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்தார். போக எங்கே இடம் என்று மாஸ்டர் கேட்டதற்கு, இடத்தைப் பற்றி உனக்கென்ன, உன் நாய் பிழைக்கட்டும் என்றார். பையை மாஸ்டர் உள்ளே எடுத்துவைத்தார். அக்கா மறுபடி வாசலில் வைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, கனத்த காலணி, கையில் ஒரு கோப்பு. கூடத்தில் அலமாரி பழைய இடத்துக்கு வந்திருந்தது. அதன் உச்சியில் சம்பந்தி. அந்த அம்மாள் எதையும் பார்ப்பதற்கு முன்னால் மாஸ்டரின் கட்டுப்போட்ட கையைத்தான் பார்த்தார். என்ன ஆனது என்று கேட்டார். பூனை கடித்தது என்று நான் மொழிபெயர்த்தேன். சீட்டைக் கேட்டார். கொடுத்தேன். படித்துவிட்டு, இதில் பூனை என்று இல்லையே என்றார்.

கடிநாய் இருக்கிற வீட்டில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் தான் என்ன நினைக்கவேண்டும் என்று அவர் கேட்டதில் கோபம் இல்லை. அலுப்புதான் இருந்தது. இதுபோல நிறையப் பேரைப் பார்த்திருப்பார். நாய்தான் கடித்தது என்று முடிவானால் இன்றே எடுத்துப்போகவேண்டும் என்றார். கீழே வண்டி நின்றது. அதன் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததைத் தரை வழியாகக் காலில் உணரமுடிந்தது.

கட்டைப் பிரிக்கச் சொன்னார். ஏட்டுவின் வாய்ப்பூட்டையும் கழற்றச் சொன்னார். நாய் இரண்டு கை தூரத்தில் இருந்தது. உள்ளே பஞ்சு காயத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த அம்மாள் அதன் ஓரத்தைப் பிடித்தார்.

"மெதுவா உரிக்கச் சொல்லுங்க தம்பி," என்றார் மாஸ்டர். "நான் கத்தினா எல்லாம் போச்சு."

முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன்.

அவர் மெதுவாகத்தான் உரித்தார். மாஸ்டர் சுவரில் ஓரிடத்தை முறைத்துக்கொண்டு நின்றார்; கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஏட்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சு வந்தது. அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அளவுகோலை எடுத்து, மேலே இருந்த இரண்டு துளைக்கும் நடுவில் வைத்தார். ஒன்றரை சென்டிமீட்டர். எழுதிக்கொண்டார். இனி நாயின் வாய் என்றார்.

மாஸ்டர் மண்டியிட்டு, நல்ல கையால் ஏட்டுவின் மேல்தாடையைத் தூக்கிப் பிடித்தார். முன்பின் தெரியாத ஒருத்தியின் விரல்களும் அந்த அளவுகோலும் அதன் பற்களுக்குள் போயின. கடி வாங்கிப் பழகியவர் மாதிரி அந்த அம்மாள் அவசரப்படவில்லை. ஐந்து சென்டிமீட்டர்.

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஆனாலும் முறை முறைதான், பூனையையும் அளந்து எழுதவேண்டும் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னதும், அதுவரை சமையலறை வாசலில் நின்ற அக்கா முன்னால் வந்தார்.

"தாராளமா அளக்கட்டும். இறங்கி வரச் சொல்ல எங்களால ஆகாது. அவங்கதான் ஏணி ஏறணும்."

நான் மொழிபெயர்த்தேன். அதிகாரி அலமாரி உச்சியைப் பார்த்தார். சம்பந்தி அங்கிருந்து அவரைப் பார்த்தது. வால் நுனி பலகையில் ஒருமுறை தட்டியது. அந்த அம்மாளின் பார்வை மாஸ்டரின் கைக்கு வந்தது; அளவுகோலைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தேவையில்லை என்றார். பூனைகளுக்குத் தங்கள் அலுவலகத்தில் பதிவேடே கிடையாது என்றும் சொன்னார்.

ஆறு மாதம் கழித்து மறுபடி வருவதாகச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்திட்டு நகலைக் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாஸ்டர் தரையில் உட்கார்ந்தார். அந்தத் தாளை என்னை மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாம் தடவை, இரண்டாவது சம்பவம் எதுவும் இல்லை என்ற வரி வந்ததும் நிறுத்தினார். 'இல்லை' என்பது எந்த எழுத்து, எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன்.

"இதுதானா?"

"இதுதான் அண்ணே."

வீங்காத கையின் விரலை அதன்மேல் வைத்தார். கீழே வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை எடுக்கவில்லை.